ஓடைக்கரைத் துண்டில் மஞ்சள் பூ

ஜூலை 9, ஞாயிறு

மழை இல்லாமல் இன்றோடு இருபத்திரண்டு நாள். தக்காளிக்கு இரண்டு வாளி ஊற்றினேன். போதாது என்று எனக்கும் தெரியும், செடிக்கும் தெரியும். பள்ளிக்கூட பஸ் கொட்டகையில் கிடக்கிறது. ஆகஸ்ட் இருபத்துமூன்று வரை ஓட்ட ஒன்றுமில்லை, திட்ட ஒரு பிள்ளையும் இல்லை.

சர்ச் முடிந்து காபி குடிக்கும்போது ட்ரூடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். என் தம்பி வெர்லினின் மனைவி. ஆட்டுப் பால் சீஸ் செய்து புதன்கிழமைச் சந்தையில் விற்கிறாள், எப்போதும் கொஞ்சம் புளித்த வாசனை அடிக்கும். நல்ல பெண்.

"ஆர்டிஸ், நீங்க குடுத்த விதை எல்லாம் முழங்கால் ஒசரம் வந்தாச்சு. ஓடைக்கரை முழுக்க அதுதான். ஆனா இன்னும் மொட்டே காணோமே, எப்பத்தான் பூக்கும்?"

சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். அப்பா போன பிறகு என் பங்கு நிலத்தை நான் பன்றிக் கொட்டகைக்காரர்களுக்கு விற்றேன். தெற்குக் காற்று அடித்தால் அந்த நாற்றம் நேராக வெர்லின் வீட்டு அடுப்படிக்குப் போகும். அதற்காக அவன் என்னோடு ஆறு வருடம் பேசவில்லை. மூன்று வருடத்துக்கு முன், அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, ஆடு தின்னக்கூடிய மஞ்சள் பூச்செடியான பொய்ச் சூரியகாந்தியின் விதையை இரண்டு காகிதப் பை நிறையக் கொண்டுபோய் அவன் வாசலில் வைத்தேன். கதவைத் தட்டாமல் வந்துவிட்டேன். குளிர் பட்டால்தான் முளைக்கும் என்று ஜனவரியில் பனி மேல் அதைத் தூவிவிட்டு போன் செய்தான். "தூவிட்டேன்" என்ற ஒரே சொல். எனக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு வருடம் அந்த நிலத் துண்டில் ஆடு விடாதே, வேர் பிடிக்கட்டும் என்றேன். சொன்னபடி கேட்டான். இப்போது மூன்றாவது கோடை, முதல் பூ வரவேண்டிய கோடை.

வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றும்போதுதான் உறைத்தது. மொட்டு இல்லையா? ரயில் பாதையோரத்தில் பொய்ச் சூரியகாந்தி பூத்து இரண்டு வாரம் ஆகிறதே.

ஜூலை 11

வறட்சி. வறட்சியில் எல்லாம் தாமதம்தான்.

ரயில் பாதையோரத்தில் மட்டும் ஏன் தாமதம் இல்லை?

ஜூலை 15, சனி

தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நேரே எழுத உட்கார்ந்தேன்.

ஒன்பது மணிக்கு ரயில் பாதையோரத்தில் காட்டுப்பூக் குழுவாகக் கூடினோம், வழக்கம்போல் ஏழு பேர். இந்த மாவட்டத்தில் கலப்பை படாத புல்வெளி அந்த ஒரு பட்டைதான், பாதை போட்டவர்கள் புண்ணியத்தில் பிழைத்தது. இங்கே விதை சேர்க்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோடையில் பூத்திருக்கும்போது தண்டில் கம்பளி நூல் கட்டி வைப்போம். அக்டோபரில் எல்லாம் ஒரே பழுப்பாக நிற்கும்போது அந்த நூலைப் பார்த்துப் பறிப்போம். எந்தப் பூவுக்கு எந்த நிறம் என்று மார்ச் கூட்டத்தில் முடிவாகும், யார் வீட்டில் எந்த நூல் மிச்சமோ அதைப் பொறுத்து.

களை பிடுங்கிக்கொண்டே இமோஜீன் தன் பழைய பாட்டை எடுத்தாள். தபாலாபீசில் முப்பது வருடம் இருந்தவள், ஒரு கடிதம் தொலைந்தால்கூட மறக்காத ஜாதி.

"மூணு வருஷம் முன்னாடி பள்ளத்துல சிவப்பு நூல் கட்டி வெச்சேனே, டவுன் குளத்தங்கரைக்குன்னு. அக்டோபர்ல போனா ஒத்தத் தண்டுல ஒரு தலை இல்ல! எந்த மகராசி வழிச்சிட்டுப் போனாளோ."

ஹார்லன் சிரித்தான். "மானு தின்னிருக்கும், இமோஜீன். எத்தன தடவதான் சொல்லுவ?"

"தும்மல் பூண்ட எந்த மானு தின்னும்? வாயில வெக்க முடியாத கசப்பு. உங்க தாத்தா இலையக் காயவெச்சுப் பொடியா மூக்குல இழுத்தாரே, அதுதான். மானுக்கு என்ன ஜலதோஷமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"சிவப்பு நூல் பொய்ச் சூரியகாந்திக்கு இல்லையா?" என்று கேட்டேன்.

"அதுக்கு முந்தின வருஷம் வரைக்கும். அந்த மார்ச்சுல மாத்தினோம். நீதான் கூட்டத்துக்கு வரலியே, காபி போடற முறை மூணாவது தடவையும் ஒன் தலையில விழுந்துச்சுன்னு மொகத்தத் தூக்கிக்கிட்டு."

உண்மை. கூட்டத்துக்குப் போகவில்லை. அந்தக் கோடையில் இடுப்பு எலும்பு அறுவை, நூல் கட்டவும் போகவில்லை. அக்டோபரில் கோலை ஊன்றிக்கொண்டு தனியாகப் போனேன். பள்ளத்தில் சிவப்பு நூல் கண்ணைப் பறித்தது. அடடா, எனக்காக யாரோ கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு பை நிறைத்தேன். ஒரு தலையைக்கூட உள்ளங்கையில் நசுக்கிப் பார்க்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நசுக்கிப் பார், நசுக்கிப் பார் என்று சொல்கிறவள் நான்.

பதினொன்றுக்கே தலைவலி என்று கிளம்பினேன்.

ஜூலை 16, ஞாயிறு

சர்ச் வாசலில் வெர்லின். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அச்சு அசல் அப்பா மாதிரி.

"அக்கா, மேல இருக்கற ஆறு துண்டும் மொட்டை. ஆடு மண்ண நக்குது. ஆகஸ்டுக்கு ஒன் ஓடைக்கரைதான். அது மட்டும்தான் பச்சையா நிக்குது. ரெண்டு வருஷம் விடாதேன்னியே, அது இப்ப கை குடுக்குது பாரு."

"இன்னும் கொஞ்ச நாள் பொறு" என்றேன்.

"ஏன்?"

"பூக்கட்டும். வெதை விழட்டும்."

"சரி, நீ சொன்னா சரி."

நீ சொன்னா சரி! ஐயோ.

ஜூலை 19, புதன்

வெர்லினும் ட்ரூடியும் சந்தைக்குப் போகிற நாள். பத்து மணிக்கு அவன் நிலத்துக்குப் போனேன். என் சொந்தத் தம்பி நிலத்துக்குத் திருடி மாதிரி. காரைப் பாலத்தடியில் விட்டுவிட்டு ஓடைக்குள் இறங்கி நடந்தேன்.

இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒன்றரை ஏக்கர். நடுவில் நின்றால் முழங்காலுக்கு மேல் அடர்பச்சை. ஒரு தண்டைப் பிடித்து விரலை மேலிருந்து கீழே ஓட்டினேன். கண்ணை மூடிக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை. விரலில் தட்டியது, தண்டின் ஓரமாக இறங்கும் மெல்லிய இலைத் தகடு. சிறகு என்போம், தும்மல் பூண்டின் அடையாளம். பொய்ச் சூரியகாந்தித் தண்டு வழவழவென்று இருக்கும், இலை இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும், தொட்டால் உப்புத்தாள் போல் சொரசொரக்கும். இதில் இலை ஒன்று விட்டு ஒன்று. சொரசொரப்பும் இல்லை.

அடுத்தது. அதிலும் சிறகு. அதற்கடுத்தது. அதிலும்.

பிடுங்க ஆரம்பித்தேன். எண்ணிக்கொண்டே பிடுங்கினேன். அறுபத்துநான்கில் இடுப்பு விட்டுவிட்டது. உட்கார்ந்து சுற்றிப் பார்த்தால் நான் பிடுங்கிய இடம் ஒரு படுக்கை அகலம்கூட இல்லை. பிடுங்கியதைக் கார் பின்னால் திணித்துக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்புறம் எரித்தேன். காய்ந்தும் காயாததுமாக ஒரே புகை. தும்மி மாளவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. இடுப்பு என்று சொல்லி அனுப்பினேன்.

நூலகத்திலிருந்து கொண்டுவந்த புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. கசப்பு என்பதால் நல்ல புல் இருந்தால் ஆடு இதைத் தொடாது. புல் இல்லாவிட்டால் தின்னும். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேரும். வாயோரம் பச்சை நுரை, வாந்தி. ஆடு வாந்தி எடுப்பதே அபூர்வம், எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். மாற்று மருந்து இல்லை. அந்த நிலத்திலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் வைத்தியம்.

நாற்பத்தொன்பது ஆடு அவனிடம். ஆட்டைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது? பிள்ளை குட்டி இல்லை.

சொல்லிவிடு, ஆர்டிஸ். போனை எடுத்து மூன்று வாக்கியம். விதை மாறிப்போச்சு. அது விஷம். ஆட்ட விடாத. இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஆறு வருடம் ஆகும். அந்த ஆறு வருடத்தில் ஒருமுறை மளிகைக் கடையில் ஒரே வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் அவன். திரும்பவே இல்லை. அவன் பின்கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன், வெயிலில் சிவந்து போய், ரோமம் நரைக்கத் தொடங்கி. எனக்கு இப்போது அறுபத்தொன்று. இன்னொரு ஆறு வருடம் என்னிடம் உபரியாக இல்லை.

ஜூலை 25

போன் செய்தேன். சொல்வதற்காகத்தான். அவன் எடுத்ததும் வேறு வார்த்தை வந்தது.

"அந்த ஓடைக்கரையை வெட்டிடேன், வெர்லின். களை நெறைய கலந்திருக்கும் போலிருக்கு."

"வெட்டவா? இந்த வறட்சியிலயா? ஒனக்கு என்ன ஆச்சு? நீ குடுத்ததை நீயே வெட்டச் சொல்றியா?"

"இல்ல, சும்மா..."

"பொறந்தநாள் பரிசைத் திருப்பிக் கேக்கற மொத ஆளு நீதான்." சிரித்தான். "ட்ரூடி, எங்க அக்காவுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு!"

அவளும் பின்னாலிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நாசமாய்ப் போகிற சிரிப்பு.

ஜூலை 29, சனி

சுற்றி வளைத்து இமோஜீனிடம் கேட்டேன். தும்மல் பூண்டை மாடு கீடு தின்றால் என்ன ஆகும், சும்மா தெரிந்துகொள்ள.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கடித உறையில் அனுப்பியவர் பெயர் இல்லாவிட்டால் அப்படித்தான் பார்த்திருப்பாள்.

"எங்க சித்தப்பா பண்ணையில ஒரு வருஷம் பால் எல்லாம் கசந்துச்சு. பண்ணிக்கு ஊத்துனாரு, பண்ணியே குடிக்கல." பிடுங்கிய களையை வாளியில் போட்டுவிட்டு, "யாரு மாடு, ஆர்டிஸ்?" என்றாள்.

"யாரு மாடும் இல்ல. சும்மா."

"சும்மாவா கேட்ட. சரி."

பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. பொய், சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 1

பெட்ரோல் போடப் போன இடத்தில் ஹார்லன். "ஒன் தம்பி நேத்து ஆட்ட ஓடைக்கரைக்கு இறக்கிட்டான். இதுக்கு மேல தாங்காதுன்னான்."

பெட்ரோல் வழிந்து என் செருப்பில் கொட்டியது. அவன்தான் குழாயைப் பிடுங்கி நிறுத்தினான்.

ஆகஸ்ட் 2

இன்று போகவில்லை. ஓரமாகப் புல்லும் இருக்கிறது, முதலில் அதைத்தான் தின்னும்.

ஆகஸ்ட் 3

இன்றும்.

ஆகஸ்ட் 5, சனி

ட்ரூடி அழைத்தாள்.

"நேத்துக் கறந்த பாலு கசக்குது, ஆர்டிஸ். மொத்தத் தொட்டியையும் கொட்டிட்டேன். பாத்திரம் சரியாக் கழுவலியோன்னு மூணு தடவ கொதிநீர் விட்டுட்டேன். ரெண்டு ஆடு வேற தின்னாம நிக்குது, இருமுது. ஆட்டு டாக்டர் வந்து பாத்துட்டு நெஞ்சுச் சளின்னு ஊசி போட்டிருக்காரு. தூசிதான் காரணமாம்."

"வாயில நுரை இருக்கா?"

"கொஞ்சம் பச்சையா வழியுது. ஏன்?"

இதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு? அந்த இடத்தில் ஒரு நாய்கூடக் குரைத்துக் காட்டியிருக்கும். நான், "ஒண்ணுமில்ல, கேட்டேன்" என்றேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

அவன் வீட்டுப் பாதை முனைவரை போனேன். தபால் பெட்டியில் எங்கள் அப்பா எழுதிய பெயர் இன்னும் இருக்கிறது. காரை நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே வைத்தேன். வாசலில் அவன் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தான். காலை உள்ளே எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

எனக்கு என்ன பயம்? அடிப்பானா? மாட்டான். திட்டுவானா? திட்டட்டுமே, திட்டினால் நல்லது. முகத்தைத் திருப்பிக்கொள்வான். அதுதான்.

அதுக்காக அவன் ஆட்டைச் சாகக் கொடுப்பியாடி? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?

ஆகஸ்ட் 7

காதில் நாற்பத்தேழாம் எண் வளையம் போட்ட ஆடு காலையில் செத்துப்போனது. ட்ரூடி தன் கையால் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஆடு. "டாக்டர் சொன்னபடிதான் எல்லாம் செஞ்சோம்" என்று போனில் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

காலை ஆறரைக்குப் போனேன், யோசிக்க நேரம் தரக்கூடாது என்று. வீட்டுக்குப் போகாமல் நேரே ஓடைக்கரைக்கு. ஆடுகள் வேலியோரமாகத் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. பச்சை வழிந்த வாய்கள். செடிகளில் பாதி கடித்த மொட்டைத் தண்டுகள். மீதியில் பூ திறந்திருந்தது. மஞ்சள். நடுவில் உருண்டையாக ஒரு பொத்தான், சுற்றிலும் இதழ்கள் பாவாடை மாதிரி கீழே சாய்ந்து, ஒவ்வொரு இதழ் நுனியிலும் மூன்று பல். எவ்வளவு அழகான பூ. அழகாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.

வெர்லின் முட்டி போட்டு ஒரு ஆட்டின் தலையை மடியில் வைத்திருந்தான். மூன்று நாளாகச் சவரம் செய்யவில்லை.

"வெர்லின், இது நெஞ்சுச் சளி இல்ல."

நிமிர்ந்து பார்த்தான், என்னை, பிறகு என் கையில் இருந்ததை.

"இதுதான். தும்மல் பூண்டு. ஆட்டுக்கு விஷம். நான் வெதைய மாத்திப் பறிச்சுட்டேன். தப்பான நூல். பாத்துப் பறிச்சிருக்கணும், பாக்கல. அந்தத் துண்டுல இருந்து இப்பவே வெளிய ஓட்டு. மருந்து கெடையாது, வெளிய ஓட்டறது மட்டும்தான்."

ஒரே மூச்சில் சொன்னேன். அவன் ஆட்டின் தலையை வைக்கோல் மேல் மெதுவாக வைத்துவிட்டு எழுந்தான்.

"எப்பத் தெரியும்?"

கையிலிருந்த செடியைத் தூணோரமாக வைத்தேன்.

"மூணு வாரம்."

"மூணு வாரம்" என்றான் அவனும். கோபமாகச் சொல்லவில்லை, ஏதோ அளவு கேட்டு உறுதி செய்துகொள்கிற மாதிரி. பிறகு, "கேட்டத் தொற" என்றான்.

ட்ரூடியும் சேர்ந்து மூன்று பேருமாக மின்வேலியைச் சுருட்டி எல்லா ஆட்டையும் மேல் கொட்டகைக்கு ஏற்றினோம். இரண்டு மணி நேரம். வறட்சிக்கென்று விலைக்கு வாங்கி வைத்திருந்த வைக்கோலை அவிழ்த்துப் போட்டான். அந்த நேரம் முழுக்க அவன் பேசியது ஆட்டோடு மட்டும்தான். முடிந்ததும் உள்ளே போய்விட்டான். ட்ரூடி வாசல்படியில் நின்று, "நான் மூணு தடவ கொதிநீர் விட்டேனே, ஆர்டிஸ்" என்றாள். அவ்வளவுதான் அவளும்.

ஆகஸ்ட் 10

இன்னொன்று செத்தது. பத்தொன்பதாம் எண். டாக்டர் மூலம் கேள்விப்பட்டேன். மூன்று நாள் முன்னால் தெரிந்திருந்தால் இதாவது பிழைத்திருக்கும் என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னது.

ஆகஸ்ட் 12, சனி

ரயில் பாதையோரத்தில் ஒருவரும் இல்லை. ஒன்பதேகால் வரை நின்றேன். பிறகு ஹார்லன் வண்டி வந்தது, பின்னால் மண்வெட்டிகள். "ஏறு. இமோஜீன் எல்லாரையும் ஒன் தம்பி ஓடைக்கரைக்கு வரச் சொல்லிட்டா. வெதை விழறதுக்குள்ள தோண்டணுமாம்."

"வெர்லின் ஒத்துக்கிட்டானா?"

"இமோஜீன்கிட்ட ஒத்துக்காம இருக்க முடியுமா?"

எப்படித் தெரிந்தது என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஏழு பேர், ஆறு மணி நேரம், வெயில் மண்டையைப் பிளந்தது. நாலு மணிக்கு நிறுத்தினோம், பாதிகூட முடியவில்லை. மீதியை வெர்லின் டிராக்டரில் வெட்டி வாரி எரிக்கிறானாம். தண்ணீர் கேன் கொண்டுவந்து வைத்தான். எல்லாருக்கும் நன்றி சொன்னான், ஒவ்வொருவராக, பெயர் சொல்லி. என் முறை வந்தபோது கேனின் மூடியைத் திருகிக்கொண்டு போய்விட்டான்.

திரும்பும்போது இமோஜீன் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லியிருக்கலாம் எங்கிட்ட, ஜூலையிலயே."

"என் தப்பு."

"தப்புதான். நூல் நெறத்த மாத்தினது போர்டுலகூட எழுதி வெக்கல நாங்க. அதுவும் தப்புதான். ஒண்ணோட ஒண்ணு கழிஞ்சிடாது, ஆனா ரெண்டும் இருக்கு."

ஆகஸ்ட் 23

பள்ளிக்கூடம் திறந்தது. முப்பத்தொரு பிள்ளைகள், அதில் ஒன்று முதல் வளைவிலேயே வாந்தி. துடைத்தேன்.

மேல்நிலைப் பள்ளிச் சாலையில் எதிரே வெர்லின் டிரக். இங்கே யார் எதிரே வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம், முன்பின் தெரியாதவனுக்கும். நான் தூக்கினேன். அவன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடந்து போனான்.

இப்படித்தான் தொடங்கும். போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது.

செப்டம்பர் 3

மீதி நாற்பத்தேழு ஆடும் தேறிவிட்டது என்று ட்ரூடி சர்ச்சில் சொன்னாள். பால் கசப்பு போய்விட்டதாம். வெர்லின் வரவில்லை. காய்ச்சலா என்று கேட்டேன். "இல்ல" என்றாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

செப்டம்பர் 9, சனி

குழுவுக்குப் போகவில்லை. புதிதாக வந்த பெண் ஒருத்தி வாரம் முழுக்க என் போனுக்குப் பூப்படம் அனுப்புகிறாள், இது என்ன, அது என்ன என்று. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் அனுப்புகிறேன்: "இமோஜீனைக் கேள்."

எனக்கு எதன் பெயரும் நிச்சயமில்லை இப்போது. நாற்பது வருடம் பார்த்த பூ, வாசலில் நிற்கிறது. பெயரைச் சொல்ல வாய் எடுத்தால் கை புத்தகத்தைத் தேடுகிறது.

செப்டம்பர் 18

மழை. நேற்று இரவிலிருந்து. ஒன்றரை அங்குலம்.

செப்டம்பர் 24, ஞாயிறு

மத்தியானம் போன் அடித்தது. எடுத்தேன். ஹலோ இல்லை, பெயர் இல்லை,

"கீழ் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு இருக்கே. வில்லோ மரத்தடி."

வெர்லின். ஆறரை வாரம் கழித்து.

"தெரியும்" என்றேன்.

"வைக்கோல் தீந்துபோச்சு. ஆட்ட அங்க விடலாம்னு பாத்தேன். அங்க ஒசரமா ஒண்ணு நெறைய நிக்குது. மஞ்சப் பூ. நீ வந்து பாரு."

"இமோஜீனக் கூப்பிடேன், வெர்லின். அவளுக்கு நல்லாத் தெரியும்."

"இமோஜீன் நம்பர் எங்கிட்ட இல்ல."

பொய். இமோஜீன் நம்பர் இந்த மாவட்டத்தில் யாரிடம் இல்லை? வருகிறேன் என்றேன். சாவியை மூன்று இடத்தில் தேடினேன், கையிலேயே இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள் கத்திக்கொண்டு நின்றன. அவன் கேட்டில் சாய்ந்து நின்றான். நான் மட்டும் துண்டுக்குள் இறங்கினேன். தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது எனக்கு. ஆனால் தூரத்திலிருந்து தெரிந்ததை நம்பிப் பட்டதெல்லாம் போதும். தண்டைப் பிடித்தேன். நாலு பட்டை, சதுரம், கட்டைவிரலை உருட்டினால் முனை தட்டுகிறது. சிறகு இல்லை. இலைகள் எதிரெதிரே வந்து தண்டைச் சுற்றி ஒட்டி ஒரு கிண்ணம் மாதிரி, வாரம் முழுக்க விட்டு விட்டுப் பெய்த மழைத் தண்ணீர் உள்ளே நிற்கிறது, அதில் ஒரு வண்டு. இதழின் நுனியில் மூன்று பல் இல்லை. காய்ந்த தலை ஒன்றை உள்ளங்கையில் நசுக்கினேன். தட்டையான விதை. இன்னொரு செடி. இன்னொன்று. பதினேழு செடி பார்த்தேன். ஓரத்தில் தனியாக ஏதும் கலந்திருக்கிறதா என்று சுற்றி ஒருமுறை நடந்தேன். கடைசியில் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றேன். கசப்பு இல்லை, பச்சைத் தழை ருசி.

"நீ என்ன ஆடா?" என்றான் வெர்லின்.

திரும்பிப் பார்த்தேன். சிரிக்கவில்லை, ஆனால் வாயோரம் ஏதோ ஆகியிருந்தது.

"கிண்ணச் செடி" என்றேன். "ஆடு மாட்டுக்கு நல்லது. இதக் கண்டா மத்ததெல்லாம் விட்டுட்டு இதத்தான் தின்னும்."

"உறுதியா?"

இல்லை என்று சொல்லிவிடத் துடித்தேன். இன்னொருத்தர் வந்து பார்க்கட்டும், படம் எடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம், ஒரு வாரம் பொறு. இதெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. தப்பானால் சாகப்போவது அவன் ஆடு. ஆனால் பயம் என்னவோ என்னுடையது, அதை அவன் தலையில் கட்ட எனக்கு என்ன உரிமை? தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லாததும் ஜூலையில் செய்த அதே வேலைதான்.

"உறுதி" என்றேன்.

அவன் கேட்டின் கொக்கியைத் தூக்கினான். நாற்பத்தேழு ஆடும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு என்னைக் கடந்து உள்ளே பாய்ந்தன. முதல் ஆடு நேரே ஒரு கிண்ணச் செடிக்குப் போய் இலையைப் பறித்தது.

"வா, காபி இருக்கு" என்றான்.

"நீ போ. நான் கொஞ்சம் நிக்கறேன்."

என்னைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆடு இருமியது, அருகே போய் வாயைப் பார்த்தேன். அது வெறும் இருமல்தான். அரைமணி ஆயிற்று, ஒருமணி ஆயிற்று. மாலைக் கறவைக்கு நேரமாகியும் நான் நகரவில்லை. ட்ரூடி வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வேலியோரமாக விரித்துப் போட்டுவிட்டுப் போனாள்.